பந்தை எங்கே போடச் சொல்வது? சிறுவர், பள்ளி பேஸ்பாலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பிலும், வளர்ந்த பின் உயர்நிலைப் பள்ளி அணிகளிலும் பேஸ்பால் ஆடுகிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு ஓட்டக் கணக்கும் அவுட் கணக்கும் சில ஆட்டங்களிலேயே பிடிபட்டுவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்பாகக் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) காட்டும் விரல்களும், டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) கோச் உரக்கச் சொல்லும் எண்களும் எதற்காக என்பது பலருக்கு நெடுநாள் விளங்குவதில்லை. பெற்றோரும் புதிதாக உதவிக் கோச் ஆனவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பந்து போகும் இடத்தைச் சொல்வது என்றால் என்ன? யார் யாருக்குச் சொல்கிறார்கள்?

பிட்சர் பந்தை வீசுவதற்கு முன்பாக, எந்த வகைப் பந்து, ஹோம் பிளேட்டின் (பேட்டர் நிற்கும் இடத்தருகே தரையில் பதித்த தட்டு) எந்தப் பகுதிக்கு வர வேண்டும் என்ற இரண்டும் முடிவு செய்யப்படுகின்றன. வகை என்பது வேகமான ஃபாஸ்ட்பாலா, அதே வீச்சில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப்பா என்பது. இடம் என்பது உள்பக்கமா வெளிப்பக்கமா, மேலா கீழா என்பது. கேட்சர் தானே முடிவு செய்து பிட்சருக்குக் காட்டலாம். அல்லது கோச் டக்அவுட்டிலிருந்து கேட்சருக்குச் சொல்ல, அவர் அதைப் பிட்சருக்குக் கடத்தலாம். பள்ளி அணிகளில் இரண்டாவது முறைதான் அதிகம் காணப்படுகிறது. அது சரியா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

உள்பக்கம், வெளிப்பக்கம் என்பது யாரைப் பொறுத்தது? இடது கை பேட்டர் வந்தால் மாறிவிடுமா?

பேட்டரைப் பொறுத்தது. அவர் உடலுக்கு அருகில் உள்ள பாதி உள்பக்கம், எட்ட இருக்கும் பாதி வெளிப்பக்கம். ஆகவே வலது கை பேட்டருக்கு உள்பக்கமாக இருந்த அதே ஓரம் இடது கை பேட்டருக்கு வெளிப்பக்கம் ஆகிவிடும். பத்து, பதினொரு வயதுப் பிட்சர்கள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள். அவர்களிடம் ‘உன் கையுறைப் பக்கம்’, ‘உன் வீசும் கைப் பக்கம்’ என்று சொல்வது நல்லது. அந்த இரண்டும் யார் அடிக்க வந்தாலும் மாறுவதில்லை.

ஸ்ட்ரைக் ஸோன் எவ்வளவு பெரியது? வயதுக்கு வயது மாறுகிறதா?

ஸ்ட்ரைக் என்பது பேட்டருக்கு எதிராகக் கணக்காகும் பந்து. அவர் சுற்றாமல் விட்டாலும் பந்து ஸ்ட்ரைக் ஆகும் பரப்புதான் ஸ்ட்ரைக் ஸோன்; அதற்கு வெளியே போய், அவர் சுற்றாமல் விட்ட பந்து ‘பால்’. ஹோம் பிளேட்டின் அகலம் எல்லா வயதிலும் 17 அங்குலம். பந்தின் விட்டம் ஏறத்தாழ 2.9 அங்குலம். பந்தின் ஏதேனும் ஒரு பகுதி பிளேட்டுக்கு மேலுள்ள வெளியைத் தொட்டாலே அது ஸ்ட்ரைக் என்பதால், பந்தின் நடுப்புள்ளி சென்று வரக்கூடிய அகலம் ஏறத்தாழ 20 அங்குலம் ஆகிறது. உயரந்தான் மாறுகிறது. லிட்டில் லீக் விதிப்படி பேட்டரின் அக்குளிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரை. உயர்நிலைப் பள்ளி விதிப்படி தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதியிலிருந்து முழங்கால் வரை. இரண்டிலும் பேட்டர் இயல்பாக நிற்கும் நிலையே கணக்கு; பந்து வரும்போது அவர் குனிந்துகொண்டால் ஸோன் சுருங்குவதில்லை.

வீசும் தூரமும் மாறுகிறது. லிட்டில் லீக்கில் 12 வயது வரை 46 அடி, இடைநிலைப் பிரிவில் 50 அடி, உயர்நிலைப் பள்ளியில் பெரியவர்களைப் போலவே 60 அடி 6 அங்குலம். 46 அடியில் துல்லியமாக வீசிய பிள்ளை 60 அடிக்கு மாறிய ஆண்டில் இடம் தவறுவது இயல்பு. அந்த ஆண்டில் குறியைப் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் லைன், லெங்த் என்பார்களே, இது அதுதானே?

பாதி அதுதான். லைன் என்பதற்கு இணையாக உள்பக்கம், வெளிப்பக்கம் இருக்கின்றன. ஆனால் இங்கே பந்து தரையில் படாமல் நேராக வருவதால் லெங்த் என்பதற்கு இடமில்லை. அதன் இடத்தில் உயரம் வருகிறது. இன்னொரு பெரிய வேறுபாடு, இங்கே பந்துக்குப் பந்து கணக்கு ஏறுகிறது: நான்கு பால் ஆனால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போகிறார், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் வெளியேறுகிறார். எனவே எங்கே போடுவது என்ற கேள்விக்கு, இப்போது கணக்கு என்ன என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு இடம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த வயதில் பந்து பிளேட்டுக்கு மேலே வருவதே பெரிய காரியம். கேட்சர் நடுவில் உட்கார்ந்து, கையுறையை அசையாமல் நெஞ்சளவில் காட்ட வேண்டும். பிட்சர் அந்தக் கையுறையைப் பார்த்து வீச வேண்டும். அவ்வளவு போதும். அந்த வயதுப் பந்து சொன்ன இடத்திலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி விலகிப் போவது வழக்கமானது. நடுவைக் குறி வைத்தால் அந்த விலகலே பந்தை இரண்டு ஓரங்களுக்கும் கொண்டு போய்விடும்.

இடம் சொல்லும் கோச் ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை நினைக்க வைக்கிறார்: எப்படி வீசுவது, எங்கே வீசுவது. முதலாவது இன்னும் உடம்பில் பதியாத வயதில் இரண்டாவதைச் சுமத்தினால், கை குறியை நோக்கித் தள்ளத் தொடங்கும், தோள் இறுகும், வேகமும் போகும், இடமும் தவறும்.

அப்படியானால் எப்போது தொடங்குவது? எத்தனை இடங்கள் சொல்லலாம்?

வயதைவிட ஓர் எளிய சோதனையை நம்பலாம். பயிற்சியில், பேட்டர் இல்லாமல், நடுவில் காட்டிய கையுறைக்குப் பத்துப் பந்து வீசச் சொல்லுங்கள். ஆறோ ஏழோ ஸ்ட்ரைக்காக வந்தால் பிளேட்டை இரண்டு பாதியாகப் பிரிக்கலாம்: உள்பாதி, வெளிப்பாதி. பெரும்பாலான பிள்ளைகள் 11, 12 வயதில் இந்த நிலைக்கு வருகிறார்கள். பாதிகளை அடிக்கப் பழகிய பிறகு உயரத்தைச் சேர்த்து நான்கு கட்டமாக்கலாம்.

சில பள்ளி அணிகளில் பிளேட்டை ஒன்பது கட்டமாகவும் அதற்கு மேலாகவும் பிரித்து எண் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பதினாறு வயதுப் பிட்சர் ஒருவர் நான்கு கட்டங்களில் நம்பகமாகப் போட்டாலே அவர் நல்ல பிட்சர். அட்டையில் கட்டங்களைக் கூட்டுவதால் கைக்குத் துல்லியம் கூடிவிடாது. கேட்சருக்கு வேலைதான் கூடும்.

ஓரத்தில் விழ வேண்டும் என்றால் ஓரத்தைத்தானே குறி வைக்க வேண்டும்?

பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஆம், பிள்ளைகளுக்கு இல்லை. சரியாக ஓரக்கோட்டைக் குறி வைத்து வீசும்போது விலகல் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், ஏறத்தாழ பாதிப் பந்துகள் பிளேட்டுக்கு வெளியே போய்ப் பால் ஆகும். குறியை ஓரத்திலிருந்து ஒரு கையுறை அகலம் உள்ளே இழுத்தால், அந்தப் பக்கப் பாதியில் பெரும்பாலான பந்துகள் ஸ்ட்ரைக்காகவே விழும். சில நல்ல ஓரப் பந்துகளும் தாமாகக் கிடைக்கும். கேட்சர் தன் உடலின் நடுக்கோட்டை ஓரத்தில் வைக்காமல், வெளிக் கால் ஓரத்துக்கு நேராக வருமாறு உட்கார்ந்தால் இது தானாக அமைந்துவிடும்.

பந்து எண்ணிக்கை வரம்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007 முதல் லிட்டில் லீக்கில் ஒரு நாளில் 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12 வயதுக்கு 85 பந்து என்று வரம்பு இருக்கிறது. 14 வயது வரை 66 பந்துக்கு மேல் வீசியவர் நான்கு நாள் ஓய்வெடுக்க வேண்டும். ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்தை 85 பந்தில் முடிக்க வேண்டுமானால் இன்னிங்ஸுக்குப் பதினான்கு பந்துதான். ஓரம் ஓரமாகத் தேடிப் பேட்டருக்கு ஆறு பந்து செலவழிக்கும் பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸைத் தாண்டுவது அரிது. உயர்நிலைப் பள்ளிகளிலும் 2017 முதல் ஒவ்வொரு மாநிலச் சங்கமும் ஒரு பந்து வரம்பை வைத்திருக்க வேண்டும். எண்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

எல்லாக் கோச்சும் ‘லோ அண்ட் அவே’ என்றே சொல்கிறார்கள். ஏன் எப்போதும் தாழ்வாகவும் வெளியேயும்?

நல்ல காரணங்கள் இருக்கின்றன. வெளிப்பக்கப் பந்தைச் சரியாக அடிக்க, பேட்டர் அதைச் சற்று ஆழமாக வரவிட்டு எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டும். சிறுவர்கள் எல்லாப் பந்தையும் தம் பக்கம் இழுத்து அடிக்கவே விரும்புவதால் பந்து பேட்டின் நுனியில் பட்டு மெதுவாக உருளும். தாழ்ந்த பந்தின் மேற்பகுதியில்தான் பேட் படும்; அதுவும் தரையில் உருளும். தவறினாலும் இழப்பு குறைவு: வெளியே தவறிய பந்து வெறும் பால், உள்ளே தவறிய பந்து பேட்டரின் உடம்பில் படும். 1990களில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் கிரெக் மேடக்ஸும் டாம் கிளாவினும் வெளி ஓரத்தையே நம்பி ஆடிப் பெயர் பெற்றார்கள். தம் ஆட்ட வாழ்வில் முறையே 355, 305 வெற்றிகள் பெற்ற இருவரும் 2014இல் ஒன்றாகவே பேஸ்பாலின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்கள்.

ஆனால் அதையே ஒவ்வொரு பந்துக்கும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் முறை பேட் செய்ய வரும்போது பதினைந்து வயதுப் பேட்டர் பிளேட்டை நோக்கி அரை அடி நகர்ந்து நிற்பார். அவருக்கு அப்போது வெளி ஓரம் நடுவாகிவிடும். அதோடு, சிறுவர் அணியில் தரையில் உருளும் பந்தெல்லாம் அவுட் ஆவதில்லை. ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) கை அன்று எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உள்பக்கம் போடச் சொல்வது ஆபத்தில்லையா? பிள்ளைகள் மேல் பட்டுவிடாதா?

கவலை நியாயமானது. லிட்டில் லீக்கில் பேட்டர் நிற்கும் கட்டத்தின் கோடு பிளேட்டிலிருந்து நான்கு அங்குலம்தான் தள்ளி இருக்கிறது. ஆகவே பாதிகளை நம்பகமாக அடிக்க முடியாத பிட்சரிடம் உள்பக்கம் கேட்கவே கூடாது. கேட்கும்போதும் இடுப்புக்குக் கீழே, பிளேட்டுக்கு மேலேதான் கேட்க வேண்டும். ‘பயமுறுத்த ஒன்று போடு’ என்று ஒரு பெரியவர் பிள்ளையிடம் சொல்வதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. வேண்டுமென்றே உடம்பைக் குறி வைத்தால் வெளியேற்றம் உண்டு என்பது இருக்கட்டும், ஒரு பிள்ளையின் கையால் இன்னொரு பிள்ளையை அடிக்கச் சொல்வது அது.

அதே வேளையில், உள்பக்கமே போகாத பிட்சர் பாதிப் பிளேட்டைப் பேட்டருக்குக் கொடுத்துவிடுகிறார். உள்பக்கப் பந்தை அடிக்கப் பேட் முன்னதாகவே சுற்றி வர வேண்டும். அதனால் அதே வேகப் பந்தும் பேட்டருக்கு வேகமாகத் தோன்றும். 2012 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்ட பிபிகோர் தர (பந்து துள்ளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தரம்) பேட்டில், கைப்பிடியருகே பட்ட பந்து முன்பு போல் பறப்பதில்லை. பள்ளி வயதில் உள்பக்கத்தைக் கற்றுக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

புதிய பேட்டர் வந்து நின்றதுமே எங்கே போடுவது என்று கேட்சருக்கு எப்படித் தெரிகிறது?

முதலில் கால். பிளேட்டை ஒட்டி நிற்பவருக்கு உள்பக்கம் கடினம். எட்டி நிற்பவருக்கு வெளிப்பக்கம் எட்டாது. பந்து வரும்போது முன்காலை வெளியே விலக்கி வைக்கும் பிள்ளைகள் சிறுவர் ஆட்டத்தில் நிறைய உண்டு; பந்து மேல் பட்டுவிடும் என்ற பயத்தில் அப்படிச் செய்வார்கள். அவர்களுக்கு வெளிப்பாதி ஒன்றே போதும். பிறகு பேட். கீழிருந்து மேலாகத் தூக்கிச் சுற்றுபவருக்கு உயரமான பந்து சிரமம். மேலிருந்து வெட்டுபவருக்குத் தாழ்ந்த பந்து சிரமம்.

இவையெல்லாம் ஊகங்கள், முதல் ஸ்விங்தான் உண்மையைச் சொல்லும். வலது கை பேட்டரின் ஃபவுல், அதாவது ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போகும் அடி, முதல் பேஸ் பக்கம் போனால் அவர் தாமதமாகச் சுற்றுகிறார். மூன்றாம் பேஸ் பக்கம் போனால் சீக்கிரமாகச் சுற்றுகிறார். இடது கை பேட்டருக்கு இது தலைகீழ். ஃபவுல் எந்தப் பக்கம் போனது என்பதை ஒவ்வொரு முறையும் கவனிக்கும் பன்னிரண்டு வயதுக் கேட்சரை, நூறு சைகை மனப்பாடம் செய்த கேட்சரைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

பேட்டர் தாமதமாகச் சுற்றுகிறார் என்று தெரிந்த பிறகும் கோச் சேஞ்ச்-அப் கேட்கிறார். சரிதானா?

சரியில்லை. ஃபாஸ்ட்பாலுக்கே பிந்தும் பேட்டருக்கு மெதுவான பந்தைக் கொடுத்தால் அவருடைய பேட்டுக்கு நாமே நேரம் கொடுக்கிறோம். அவருக்கு இன்னும் ஒரு ஃபாஸ்ட்பால், முடிந்தால் உள்பக்கமாகவோ சற்று உயரமாகவோ, என்பதே பதில். சேஞ்ச்-அப், முந்திக்கொண்டு சுற்றுபவருக்கானது. அதை எப்போதும் தாழ்வாகவே கேட்க வேண்டும். நெஞ்சுயரத்தில் மெதுவாக வரும் பந்தைப் போல அடிக்க எளிதானது வேறொன்றுமில்லை.

கணக்கு மாறினால் இடமும் மாற வேண்டுமா?

வேண்டும், ஆனால் பிட்சரின் திறமைக்குள். முதல் பந்து ஸ்ட்ரைக்காக வர வேண்டும் என்பதால் அவருக்கு எளிதான பாதியைப் பெரிதாகக் கொடுக்கலாம். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற நிலையில் ஓரத்தைத் தேடும் வேலையே வேண்டாம். நடுவில், சற்றுத் தாழ்வாக. ஸ்ட்ரைக் இரண்டு ஆகி பால் ஒன்றும் இல்லாதபோதுதான் நமக்கு இடம் இருக்கிறது: பேட்டர் பயந்து சுற்றுவார் என்பதால் நெஞ்சுக்குச் சற்று மேலோ, வெளி ஓரத்துக்குச் சற்று அப்பாலோ கேட்கலாம்.

அந்த நிலையில் ஒரு பந்தை வெகு தொலைவில் வீணாக்கச் சொல்லும் பழக்கம் சில கோச்சுகளிடம் இருக்கிறது. எட்டடி தள்ளிப் போன பந்துக்கு எந்தப் பேட்டரும் சுற்றுவதில்லை. முன்பு சொன்ன பந்து வரம்பில் ஒன்று கரைவதுதான் மிச்சம்.

பேஸில் ஆட்கள் நிற்கும்போது?

மூன்றாம் பேஸில் ரன்னர் நின்றால், தரையில் பட்டு எகிறும் பந்து ஒரு ரன்னைக் கொடுத்துவிடும். கேட்சர் மண்ணில் விழும் பந்தை உடம்பால் தடுக்கப் பழகியவரா என்று கேட்டுக்கொண்டே தாழ்ந்த பந்தைக் கேட்க வேண்டும். டபுள் பிளேக்கு (ஒரே அடியில் இரண்டு அவுட்) வாய்ப்பிருந்தால் தாழ்வு. பன்ட் (சுற்றாமல் பேட்டை நீட்டிப் பந்தை மெதுவாகத் தரையில் உருட்டுவது) வரும் என்று தோன்றினால் உயரம், ஏனென்றால் உயரமான பந்தைக் கீழே இறக்குவது கடினம். லிட்டில் லீக்கில் 12 வயது வரை பந்து பேட்டரை அடையும் வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. ஆகவே பேஸ் திருட்டுக்காக இடத்தை மாற்றும் தேவை பெரும்பாலும் பள்ளி ஆட்டத்தில்தான் வருகிறது. அங்கே வெளிப்பக்கம் நெஞ்சுயரப் பந்து, கேட்சர் எழுந்து வீச வசதியாக இருக்கும்.

கர்வ்பாலும் (வளைந்து வரும் பந்து) இடமும் ஒன்றா? என் மகள் பன்னிரண்டு வயதில் கர்வ் போடக் கேட்கிறாள்.

தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்காவின் தேசியப் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 9 முதல் 12 வயது வரை ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்-அப்பும் போதும் என்கிறது. ஒரே ஃபாஸ்ட்பாலை இரண்டு பாதிக்கும் போடத் தெரிந்த பிள்ளையிடம் உண்மையில் இரண்டு வகைப் பந்து இருக்கிறது. சேஞ்ச்-அப்பையும் சேர்த்தால் பன்னிரண்டு வயதுக்கு அதுவே தாராளம். இடத்தைக் கற்பதே இந்த வயதில் கர்வ்பாலுக்கு மாற்று என்று மகளிடம் சொல்லுங்கள்.

விரல், மணிக்கட்டு அட்டை, காதில் ஒலிக்கும் கருவி: எது எங்கே அனுமதி?

விரல்தான் எங்கும் உள்ளது. ஒரு விரல் ஃபாஸ்ட்பால், இரண்டு கர்வ், நான்கு சேஞ்ச்-அப் என்பது பரவலான வழக்கம். வகையைக் காட்டிய பின் எந்தத் தொடையைத் தொடுகிறாரோ அந்தப் பக்கம் இடம். அட்டை முறையில் கோச் மூன்று எண்களைச் சொல்ல, பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிய கட்ட அட்டையில் பார்த்து வகையையும் இடத்தையும் தெரிந்துகொள்வார்கள். உயர்நிலைப் பள்ளி விதியில் இந்தப் பட்டை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்; பிட்சர் அதை வீசாத கையில்தான் அணிய வேண்டும்.

மேஜர் லீக்கில் 2022 முதல் பிட்ச்காம் என்ற கருவி உள்ளது. கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். உயர்நிலைப் பள்ளிகளில் 2024 பருவத்திலிருந்து, டக்அவுட்டில் இருக்கும் கோச் கேட்சருக்கு மட்டும் ஒருவழியாகச் சொல்லும் மின்கருவிக்கு மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பின் விதி இடம் கொடுத்தது. அதற்குப் பின் வந்த மாற்றங்களையும் உங்கள் மாநிலச் சங்கத்தின் நிலைப்பாட்டையும் பருவம் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பேஸில் நிற்பவர் சைகையைப் பார்த்துப் பேட்டருக்குச் சொல்லிவிட்டால்?

லிட்டில் லீக் விதிப்புத்தகம் இதை விளையாட்டு நெறிக்குப் புறம்பானது என்றே சொல்கிறது. அம்பயர் அந்த வீரரையும் மேலாளரையும் வெளியேற்றலாம். பள்ளி ஆட்டத்தில் கண்ணால் பார்த்துச் சொல்வது அத்தகைய குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே தற்காப்பு நம் வேலை. பல சைகைகள் காட்டி அவற்றில் இரண்டாவதே உண்மை என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும். கேட்சர் ஓரத்துக்கு நகர்வதையும் பிட்சர் கை தூக்கத் தொடங்கும் வரை தள்ளிப்போடலாம். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கையுறையை முன்னதாகவே காட்டுங்கள். பேட்டரிடமிருந்து மறைப்பதைவிடப் பிட்சருக்குக் குறி தெரிவது அந்த வயதில் முக்கியம்.

அம்பயர் வெளி ஓரத்தைத் தருவதே இல்லை. அதையே கேட்டுக்கொண்டிருக்கலாமா?

அம்பயர் கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், அதாவது உள்பக்கமாக நின்று பார்க்கிறார். தாழ்ந்த வெளி ஓரம் அவருக்கு எட்டத்தில் இருக்கிறது. நல்ல அம்பயருக்கும் அதுவே கடினமான இடம். முதல் இரண்டு இன்னிங்ஸில் அவர் எதைத் தருகிறார் என்று பார்த்து, தராத இடத்தை விட்டுவிட வேண்டும். கேட்சர் பந்தைப் பிடித்த பிறகு கையுறையை உள்ளே இழுத்துக் காட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். அசையாமல் பிடிப்பதே அம்பயருக்கு உதவும். பிள்ளைகள் முன்னிலையில் கோச் அம்பயரோடு வாதிட்டால், அடுத்த பந்தை வீசப் போகும் பிள்ளை அந்தக் கோபத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மவுண்டில் (பிட்சர் வீசும் மேடு) நிற்கும்.

நான் வேலிக்குப் பின்னால் நின்று மெதுவாக ‘வெளியே போடு’ என்று சொல்லலாமா?

கூடாது. அது பேட்டருக்கும் கேட்கும். பல லீக்குகள் கேட்சருக்குப் பின்னாலுள்ள வேலியோரம் பெற்றோர் நின்று பேசுவதையே தடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்சர் ஒன்று காட்ட, தந்தை வேறொன்று சொல்ல, மவுண்டில் நிற்கும் பிள்ளை யார் பேச்சைக் கேட்பது?

கடைசியில், கோச் சொல்வது நல்லதா, கேட்சரே சொல்வது நல்லதா?

கோச் சொல்வதற்கு ஆதரவான வாதம் வலுவானது. அவரிடம் எதிரணியின் குறிப்புகள் இருக்கின்றன. அவர் பேட்டரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளையைவிடப் பல ஆட்டங்கள் கண்டவர். தோற்றால் பழி கேட்சர் மேல் விழாது என்பதும் உண்மையான நன்மைதான்.

இருந்தும் கேட்சரிடம் பொறுப்பைக் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன். பேட்டரின் கால்விரல் எங்கே இருக்கிறது, பிட்சரின் மூச்சு வாங்குகிறதா, அன்று அவர் பந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்பதைப் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் போல டக்அவுட்டில் இருப்பவர் அறிய முடியாது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பந்துக்கும் தலையைத் திருப்பி டக்அவுட்டைப் பார்க்கும் கேட்சர் பேட்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். நான்கு ஆண்டுகள் அப்படி ஆடியவர், முந்தைய பேட்டர் எதை அடித்தார் என்று கேட்டால் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவர் குறையன்று. அவரை யாரும் பார்க்கச் சொல்லவே இல்லை.

ஒரேயடியாகக் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் பயிற்சி ஆட்டங்களில் கேட்சரே சொல்லட்டும். பிறகு முதல் முறை பேட்டிங் வரிசை முடியும் வரை கேட்சர், அதன்பின் தேவைப்பட்டால் கோச். நெருக்கடியான தருணத்தில் மட்டும் கோச் சைகை காட்டலாம். இன்னிங்ஸுக்கு இடையில் ‘அந்தப் பந்தை ஏன் கேட்டாய்?’ என்று, குறை சொல்லும் குரலில் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் குரலில் கேட்க வேண்டும். காரணம் சொல்ல முடிந்தால், அந்தக் காரணம் தவறாகவே இருந்தாலும், பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது.

பிட்சர் தலையசைத்து மறுக்கலாமா? கோச் சொன்னதை மறுப்பது அவமரியாதை ஆகாதா?

மறுக்கலாம், மறுக்கக் கற்றுத்தர வேண்டும். நம்பிக்கையில்லாத இடத்துக்கு வீசும் பந்து அரைமனத்தோடு வரும், நடுவில் மிதக்கும். பெரியவர் சொன்னதை மறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது சற்றுக் கூடுதலாகவே கடினம். ஆகவே ‘நீ மறுத்தால் நான் கோபப்பட மாட்டேன்’ என்று கோச் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

சொன்ன இடத்திலேயே பந்து வந்தது, ஆனாலும் அடித்துவிட்டார்கள். யார் தவறு?

யாருடைய தவறும் இல்லாமல் இருக்கலாம். எதிரே நிற்பவரும் பயிற்சி செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: கேட்ட இடம் சரியா, பந்து அங்கே வந்ததா, முடிவு என்ன. கேட்டது சரி, வந்ததும் சரி, முடிவு மட்டும் மோசம் என்றால் அடுத்த முறையும் அதையே கேட்கலாம். கேட்டது தவறு, பந்தும் நடுவில் போய்விட்டது, ஆனால் நேராக ஃபீல்டர் கைக்குப் போய் அவுட் ஆனது என்றால், அதைத்தான் ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஸ்கோர் எழுதும் பெற்றோர் நான். இடத்தைப் பற்றி எதைக் குறித்து வைத்தால் உதவும்?

ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு புள்ளி: கேட்சரின் கையுறை எங்கே இருந்தது, பந்து எங்கே வந்தது. ஒரு சிறிய சதுரத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டால் போதும். இரண்டு மூன்று ஆட்டங்களில் பிள்ளையின் விலகல் ஒரு பக்கமாகச் சாய்வது தெரியும். வீசும் கைப் பக்கம் மேலாகவே விலகினால் பெரும்பாலும் தோள் முந்தித் திறக்கிறது. கையுறைப் பக்கம் கீழாக விலகினால் பந்தைத் தாமதமாக விடுகிறார். முதலாவது திருத்தப்படும் வரை, வலது கைப் பிட்சரின் கேட்சர் வலது கை பேட்டருக்கு உள்பக்கம் கேட்பதைக் குறைத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் கேட்கும்போது கையுறையை இன்னும் கொஞ்சம் வெளியே வைத்தால் விலகிய பந்தும் பிளேட்டுக்குள் விழும். அந்தத் தாளைப் பிள்ளையிடம் நேரே நீட்டாமல், ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழித்துக் கோச்சிடம் கொடுங்கள்.